அரை இன்ச்சின் பாரசீகத் தோட்டம்

ரோஜாச் செடியின் இடுப்பை அளந்துகொண்டிருக்கிறார் அரை இன்ச். மண்ணில் முட்டி போட்டு, கழுத்தில் தொங்கும் டேப்பைச் செடிக்குச் சுற்றிப் பிடிக்கிறார். எதிர்ப் பாத்தியில் இருக்கும் அதன் ஜோடியையும் அளக்கிறார். “இது கொஞ்சம் சதை போட்டிருக்கு” என்று இரண்டு இலைகளைக் கிள்ளி எறிகிறார்.

தொழில் தையல். “இறுக்கினா பிரிச்சு விட்டுக்கலாம், உள்ளே அரை இன்ச் விட்டிருக்கேன்” என்று சொல்லாமல் ஒரு சட்டையையும் கையில் கொடுக்க மாட்டார். தெரு அதையே பெயராக வைத்துவிட்டது. பாத்தி ஓரங்களிலும் அரை இன்ச் மண் உபரி. எதற்கு என்றால், “செடி வளருமில்லே? அப்பப் பிரிச்சு விடணும்” என்பார், சிரிக்காமல்.

தோட்டம் வந்தது ஒரு கம்பளத்திலிருந்து. ஓரம் பிரிந்த பழைய கம்பளத்தை வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து போட்டார். நடுவில் ஒரு தொட்டி, அதிலிருந்து நான்கு பக்கமும் வாய்க்கால், இடையில் நான்கு பாத்திகள், பூக்கள், மீன்கள். “பாரசீகத் தோட்டம் இப்படித்தான் இருக்குமாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேர வேலை அது. திருப்பிக் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. கொடுத்த அன்று மாலையே ஒரு செய்தித்தாளை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, கத்தரி போட்டு விரித்தார். வரைபடம் தயார்.

இடம்தான் சிக்கல். கொல்லைப்புறம் பதினாறடிச் சதுரம், அது முழுக்க மனைவியின் துணிக்கொடி. மனைவி நர்ஸ். தினம் ஒரு வெள்ளை யூனிஃபார்ம் காய்ந்தாக வேண்டும்.

“ரெண்டே மாசம் குடும்மா.”

“குடுக்கிறேன். நாலு வாய்க்கால்லயும் தண்ணி ஓடணும். ஒண்ணு ஓடலேன்னாலும் என் கொடி திரும்ப வந்துடணும்.”

அன்றிலிருந்து யூனிஃபார்ம்கள் ஃபேனுக்கு அடியில், நாற்காலி முதுகுகளில் காய்கின்றன. வருகிற விருந்தாளிகள் முதுகு நனைந்து போகிறார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. நான்கு வாய்க்காலும் எட்டு இன்ச் அகலம், ஐந்து இன்ச் ஆழம். மனைவியின் அண்ணன் கொத்தனார். ஒத்தாசைக்கு வந்தவரை, “நீங்க கண்ணளவுல பண்ணுவீங்க மச்சான்” என்று உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மச்சானையே சாட்சிக்கு அழைத்தார். குழாயைத் திறந்தார். தொட்டி நிரம்பியது. எதிர்ச்சுவர்ப் பக்கம் தண்ணீர் ஓடியது. வலப்பக்கம் ஓடியது, இடப்பக்கமும் ஓடியது. சமையலறைக் கதவை நோக்கி வரவேண்டியது இரண்டடி வந்து நின்றுகொண்டது. எதிர்ச்சுவர் ஓரம் வழியவே ஆரம்பித்துவிட்டது.

ஓடிப்போய் டேப்பை இறக்கினார். “அஞ்சு! இங்கேயும் அஞ்சு! எங்கே வேணா அளந்து பாருங்க!”

“அளவெல்லாம் சரிதான் மாப்பிள்ளை. ஆனா நீங்க தரையிலேருந்து அளந்திருக்கீங்க. தரையே வீட்டுப் பக்கம் மேடு. தண்ணி எப்படி ஏறும்?” மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இது ஒண்ணை மட்டும் இன்னும் நாலு இன்ச் இறக்குங்க. அரை நாள் வேலை. கடப்பாரையைக் குடுங்க, நானே வெட்டுறேன்.”

“இது ஒன்பது, மத்ததெல்லாம் அஞ்சா?”

“தண்ணி ஓடுமில்லே!”

“ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு சட்டை தச்சுக் குடுத்தா நீங்க போட்டுப்பீங்களா மச்சான்?”

“இன்னிக்கு வெட்டலேன்னா தோட்டத்துல கொடி வந்துடும், பார்த்துக்குங்க.”

படியில் ஈரத்துணி வாளியோடு நின்ற மனைவிக்கே மனம் இளகிவிட்டது. “வெட்டிடுங்களேன். யாரு வந்து டேப் வெச்சுப் பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேனே.”

குழாயை மூடினார். சுவரோரம் சாத்தியிருந்த பழைய துணிக்கொடிக் கம்பத்தைத் தூக்கிவந்தார். சமையலறையை ஒட்டிய ஒரு பாத்தியின் நட்ட நடுவில் குழி தோண்டி நட்டார். மனைவி கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையைச் சுவர்க் கொக்கியிலும் கட்டி, யூனிஃபார்மை உதறிப் போட்டார்.

“என்ன மாப்பிள்ளை, கோபமா?”

அரை இன்ச் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். கம்பத்திலிருந்து தொட்டிவரை பிடித்துப் பார்த்தார். பிறகு அதே நீளத்தை எதிர்ப்பக்கம் பிடித்து, குனிந்து, கம்பம் இல்லாத மற்ற மூன்று பாத்திகளின் நடுவிலும் விரலால் ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டார்.