ஷெட்டுக்குள்ளே யாரோடு சிரிப்பு?

எங்கள் கோழிப்பண்ணையில் யாரும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. சத்தம் கேட்டால் கோழி மிரளும், மிரண்டால் முட்டை குறையும். கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்த புதிதிலேயே என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன சட்டம் இது. அவர் சிரித்தும் நான் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசன் போன ஐப்பசியில் சிரிக்க ஆரம்பித்தார். வேலையாட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கோழி ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொஞ்சம் சிரிப்பு, பிறகு அமைதி, மறுபடி சிரிப்பு. போனில் யாரிடமோ குழைகிற ஆள்தான் இப்படி விட்டு விட்டுச் சிரிப்பார்.

சாப்பிட வந்தவரை நோட்டம் விட்டேன். மூஞ்சி வழக்கம்போல உம்மென்றுதான் இருந்தது. ஆகா, என்ன நடிப்பு! மறுநாள் அவர் சவரம் செய்யும் கண்ணாடியைக் காணவில்லை. அலங்காரம் வேறா? முட்டையும் குறைந்தது. கேட்டால் வெயில் என்றார். அடைமழையில் என்ன வெயில்?

அதுவும் எந்த நேரத்தில்! ஓமலூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணின் அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை, எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மகளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பையன் பிடிவாதம் பிடித்ததால் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் கெட்டால் அவ்வளவுதான்.

சனிக்கிழமை பொறுக்க முடியாமல், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பூனை நடை நடந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கம்பியில் கண்ணாடியை மாட்டிவைத்து, கோழிகளுக்கு முன்னால் தனியாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சம்மந்தி, வாங்க" என்றார். பின்னாலேயே ஒரு சிரிப்பு. திருப்தியில்லை போல, தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. கோழியெல்லாம் கூண்டின் பின்பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தன. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிறன்று வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா படியேறியதும் இவர் எழுந்து, "வாங்க சம்மந்தி, வாங்க" என்று சொல்லி, அந்தச் சிரிப்பை அவிழ்த்துவிட்டார். தண்ணீர்ச் சொம்பை வாங்கக் கை நீட்டிய மாப்பிள்ளையின் அம்மா மிரண்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும், எவ்வளவோ அடக்கியும் முடியாமல், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். மகள் முகம் வெளுத்துவிட்டது.

வேறு வழியில்லாமல் கண்ணாடி, கோழி, குறைந்த முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "எங்களுக்காகவாங்க இத்தனை பாடு பட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கலாம் என்றார்.

நிம்மதியோடு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர், வாயில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஐயோ, சபையில் மானத்தை வாங்கிவிட்டேனே என்று பதறி மகளை இழுத்து, "அப்பா அழறாரு, போய்ப் பாரு சாமி" என்றேன்.

அவள் அவரைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அழலைம்மா. அப்பா எப்பவும் இப்படித்தான சிரிப்பாங்க. உனக்குத் தெரியாதா?"