ஆடாத தொட்டில்

தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் உட்காருவதால் அவளுக்குப் பார்சலம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் துணி சுற்றிச் சணல் கட்டுவாள், முடிச்சை இழுத்துப் பார்ப்பாள், மனசு கேட்காமல் அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போடுவாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வழியில் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு. அதே பயத்தோடுதான் ஒற்றை மகளையும் வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே சுகம் பழைய சாமான் கடை. வேலை முடிந்தால் கால் தானாக அங்கே போகும். எதுவும் வாங்கமாட்டாள். அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பாள். தட்டச்சு இயந்திரத்தில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நகர்ந்துவிடுவாள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். உட்கார நாற்காலிகூடப் போடுவார், அதிலும் விலைச்சீட்டு தொங்கும்.

அங்கேதான் அந்தத் தொட்டிலைப் பார்த்தாள். இரண்டு மரக்கால்களுக்கு நடுவே தொங்கி ஆடும் தேக்குத் தொட்டில், எத்தனையோ கைகள் பட்டு விளிம்பெல்லாம் வழவழவென்று இருந்தது. அப்போது மகள் மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை ஆசை ஆசையாகக் குட்டிச் சட்டைகளை வாங்கிக் குவித்தவள் பார்சலம்மா. பிறகு அவற்றை யார் கண்ணிலும் படாமல் மூட்டை கட்டியவளும் அவளேதான். அதனால் இந்தத் தடவை வாயையும் திறப்பதில்லை, எதையும் வாங்குவதுமில்லை என்று ஒரே பிடிவாதம். வாங்கினால் ஏதாவது ஆகிவிடும். விட்டால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என்ன செய்தாள் தெரியுமா? கடைக்காரர் அசந்த நேரம் பார்த்துத் தொட்டிலை இருட்டு மூலைக்குத் தள்ளிவிட்டாள். சாக்கைப் போர்த்திக் கட்டி, மேலே ஓர் உடைந்த விளக்கை வைத்தாள். அப்படியும் அது ஆடியது; வெறும் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அடியில் கையை விட்டு, தொட்டிலையும் மரக்காலையும் சேர்த்துச் சணலால் இறுக்கினாள். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்து, இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

இன்று காலை மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். பார்சலம்மா வராந்தாவில் நடந்த நடையில் நர்ஸுக்கே தலை சுற்றியது.

“அத்தை, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன். உங்களப் பாத்தா எனக்கே பயமா இருக்கு,” என்றார் மருமகன். “ஏதாவதுன்னா உடனே போன் பண்றேன்.”

அந்த ‘ஏதாவதுன்னா’ அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. வேறு எங்கே போவாள், கடைக்குத்தான் வந்தாள்.

மூலை காலியாக இருந்தது.

கடைக்காரர் கடையையே தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்திருந்தார். தொட்டில் துடைக்கப்பட்டு வாசலோரம் நின்றது. புதிதாகக் காபிக் கடை திறக்கப்போகிற இளைஞன் ஒருவன் அதன் விளிம்பில் கைவைத்துக்கொண்டிருந்தான்.

“வர்றவங்க படிக்கிற பத்திரிகையெல்லாம் இதுல போட்டு வைக்கலாம், அம்சமா இருக்கும்,” என்றான். “ஆனா ஆட மாட்டேங்குதே?”

“அப்படியா? இருங்க, அடியில ஏதோ கட்டியிருக்கு. அறுத்துடறேன்.” கடைக்காரர் குனிந்தார்.

பார்சலம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நம்முடையது என்று சொன்னால் இத்தனை மாதம் வாயைக் கட்டியது வீணாகிவிடும். சொல்லாமல் விட்டால், பிள்ளை வரப்போவதில்லை என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கைப்பையில் போன் ஊமையாகக் கிடந்தது.

“அத அறுக்காதீங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “அது எங்களுது. என் பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப்போகுது.”

சொல்லியே விட்டாள். விலைச்சீட்டு தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எப்போங்க?” என்றான் இளைஞன்.

“இப்போ.”

அவன் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“அப்போ அந்தச் சாக்கு, அந்த முடிச்சு, எல்லாம் உங்க வேலைதானா அக்கா?” என்றார் கடைக்காரர். “அவுக்கிறதுக்குள்ள எனக்கு நகமே போச்சு.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். போன் அடித்தது. மருமகன்தான். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அப்படியே கடைக்காரரிடம் நீட்டினாள்.

“நீங்க கேளுங்க தம்பி.”

அவர் காதில் வைத்துக்கொண்டார். “ம்,” என்றார். “ம்.” விலை பேசும்போதும் மாறாத முகம் அவருக்கு, இப்போதும் அதில் ஒன்றும் தெரியவில்லை. பார்சலம்மா அந்த முகத்தையே பார்த்தபடி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவர் போனைத் தாழ்த்தி, தொட்டிலை அவள் பக்கம் இழுத்து வைத்தார்.

“முடிச்ச அவுத்துடுங்க அக்கா,” என்றார். “படுக்க ஆள் வந்தாச்சு.”