ஐஸ்பெட்டி அக்காவின் ரெண்டு ஸ்பூன்

"சத்தியமா நடந்த கதைம்மா. கொஞ்சம் ஊதித்தான் சொல்லுவேன். ஊதாத பலூனை யாரு வாங்குவா?"

ஆஸ்பத்திரி ஹால்ல பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு ஐஸ்பெட்டி அக்கா ஆரம்பிச்சிட்டா. தடுப்பூசிக்கு வந்த அம்மாக்கள் நகந்து பக்கத்துல உக்காந்தாங்க. வீடு வீடாப் போயி, குப்பியில கொஞ்சம் தாய்ப்பால், டப்பாவுல கொஞ்சம் புள்ளை ஆய், ரெண்டையும் வாங்கி ஐஸ்ல வெச்சு, பல நாட்டுத் தாய்ப்பாலை ஒப்பிட்டுப் பாக்கற ஆராய்ச்சிக்கூடத்துல சேக்கறது அக்கா வேலை. புள்ள ஆய் போற வரைக்கும் காத்திருக்கணுமே, அதுக்குத்தான் கதை.

"மாடி வீட்டுப் பாப்பா ஆய் போன நாத்தத்துல எட்டுத் தெரு ஜனமும் வீட்டைக் காலி பண்ணிருச்சு! சிரிக்காதீங்கடி. பால்ல பாதிதான் புள்ளைக்கு. மீதி அது வயித்துல குடியிருக்கற கோடி கிருமிக்கு. நல்ல கிருமிதான். நாட்டுக்கு நாடு தாய் திங்கறது வேற, பால் வேற, குடித்தனக்காரங்களும் வேற. மொதல்ல குடி வர்றவங்களுக்குத்தான் காத்தோட்டமான ரூம்!"

"உங்க பேரன் குடிக்கற பாலும் ஆராய்ச்சிக்குப் போயிருக்காக்கா?"ன்னு ஒருத்தி கேட்டா.

மூலை பெஞ்சுல புள்ளையோட இருந்த அக்காவோட மருமகதான் பதில் சொன்னா.

"போச்சே. ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு சொட்டு போதும்னாங்க. எங்க அத்தைக்கு, அத்தனை நாட்டுக் குப்பிக்கு நடுவுல நம்ம வீட்டுக் குப்பி தளும்பி நிக்கணும். பெத்த அன்னிக்கு நான் அரை மயக்கத்துல கெடந்தேன். மொத மஞ்சப் பாலைப் பூராவும் பீச்சி அடைச்சுட்டாங்க. எம்புள்ள வாய்க்கு டின் பாலு."

"ரெண்டு ஸ்பூன்தாம்மா..."ன்னா அக்கா.

எதையும் பத்து மடங்காக்கற வாயில அப்பத்தான் ஒரு அளவு கொறஞ்சு வந்துச்சு. அந்தக் குப்பி இன்னும் ஏதோ ஃப்ரீசர்ல ஒறஞ்சு கெடக்கு. ஊரு புள்ளைங்க ஆயைக் கையில ஏந்தறவளுக்கு, சொந்தப் பேரன் மட்டும் இன்னும் கைக்கு வரல.

"புள்ளையத் தொடவே விடக்கூடாது!"ன்னா ஒருத்தி.

"போடி, மறுநாள் அவளே பால் குடுத்திருப்பால்ல? ஒரு நாள்ல புள்ள தேஞ்சா போச்சு?"ன்னா இன்னொருத்தி.

"உன் மாமியார் செஞ்சிருந்தா தெரியும்!"

"எம் மாமியாரை எதுக்குடி இழுக்கற?"

நர்ஸ் அதட்டியும் அடங்கல. அந்தச் சத்தத்துல பேரன் வீல்னு அழுதான். தன்னையறியாம அக்கா கை ரெண்டும் நீண்டுருச்சு. மருமக புள்ளையை அந்தப் பக்கத் தோளுக்கு மாத்திக்கிட்டா. நீட்டின கையை எறக்கி, ஏற்கனவே மூடியிருந்த பெட்டியை அக்கா இன்னொரு தடவை அழுத்தி மூடினா.