இல்லாத ஆளுக்கு ஒரு சாவுப் பாட்டு

சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு யோசனை வரலாமா என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது. அதுவும் என் அப்பாவின் சாவில்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். நல்ல மத்தியான வெயில். கஜா பாடிக்கொண்டிருந்தான். கஜா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், சாவு வீடுகளில் கானா பாடுவான். மெட்டு எப்போதும் ஒன்றுதான். செத்தவர் பேர், ஊர், பிள்ளைகள் பேர் இவற்றை மட்டும் வீட்டுக்கு வீடு மாற்றிப் போட்டுக்கொள்வான். சனம் தேம்பித் தேம்பி அழுதது. ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத சித்தப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் கஜா ஓர் இடத்தில் 'தனபாலு' என்று அப்பா பேரைப் பாடவேண்டியதை, போன வாரம் மறைமலைநகரில் செத்துப்போன யாரோ ஒருவர் பேரைப் போட்டுப் பாடிவிட்டான். பழக்கதோஷம். நம்பினால் நம்புங்கள், ஒருத்தருக்கும் அது காதில் விழவில்லை. சித்தப்பா அந்த வரிக்குத்தான் இன்னும் ஓங்கி அழுதார்.

ஆக, இவர்கள் அழுவது என் அப்பாவுக்கு இல்லை, பாட்டுக்கு. எனக்குள் என்னவோ கசந்து போனது. அந்தக் கசப்பிலிருந்துதான் யோசனை வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் ஆதாரம் எங்கே என்று சண்டைக்குப் போகிற ஆள். நீங்கள் இப்போது என்னிடம் ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு காசெட் இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அழாத ஒரே ஆள் என் அம்மா. அத்தை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுதுடு அண்ணி, உள்ளயே வச்சிக்கினு இருந்தா நெஞ்சு வெடிச்சிடும்." அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்தும் அப்படியேதான். சோற்றைப் பிசைவாள், வாயில் வைக்க மாட்டாள். பேச்சு கிடையாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எப்படியாவது ஒரு தடவை வாய்விட்டு அழ வையுங்கள் என்றார். வளையல் கையில் நிற்காமல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். அப்பாவுக்குப் பின்னாலேயே இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

சோகப் பாட்டு நம்மை ஏன் அழ வைக்கிறது என்று கொளவாய் ஏரிக் கரை டீக்கடையில் உட்கார்ந்து கஜாவிடம் பாடம் எடுத்தேன். சொந்தச் சாவு என்றால் மனசு காவல் போட்டுக்கொள்ளும். யாரோ ஒருவனுடைய துக்கம் என்றால் காவல் கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் அந்த வழியாக வெளியே வந்துவிடும். ஆகவே அம்மாவுக்கு முன்னால், இல்லவே இல்லாத ஓர் ஆளுக்குச் சாவுப் பாட்டு பாட வேண்டும்.

"இன்னாடா மச்சான், செத்தவனுக்குப் பாடியே துட்டு வர்ல, பொறக்காதவனுக்குப் பாட சொல்ற" என்றான் கஜா. ஆனாலும் அவனுக்கு ஆசை தட்டிவிட்டது.

பேர் அவன் வைத்தது. துளசிங்கம். தாளத்துக்குச் சரியாக உட்காருகிறது என்றான். டெய்லர் என்பது நான் சொன்னது. இடது கையால் துணி வெட்டுவான் என்பதும் நான்தான். திருவிடந்தைக்காரன் என்று அவன் சேர்த்தான். அந்தக் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒரு மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு பிரகாரம் சுற்றிவிட்டு, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் காய்ந்த அந்த மாலையோடு ஜோடியாக வந்து கோயிலில் சேர்த்துவிட வேண்டும். நம் துளசிங்கத்தின் மாலை திரும்பிப் போகவே இல்லை என்று வைத்துக்கொண்டோம். சைக்கிளுக்கு மணி கிடையாது, வாயாலேயே 'ட்ரிங் ட்ரிங்' என்று அடித்துக்கொண்டு போவான் என்றும் ஒன்று சொன்னேன். கஜா சிரித்துப் புரையேறி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். சாவுப் பாட்டில் சிரிப்பு வந்தால் கெட்டது என்று அதை விட்டுவிட்டோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மணி பாட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஜா வீட்டுக்கு வந்தான். கேட்டைக் கொக்கி போட்டுச் சாத்தியது நான்தான், கையால் இழுத்துப் பார்த்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்குக் கேட்டைச் சாத்துகிற பழக்கமே கிடையாது. அவர் வெளியே போனதும் எதிர்வீட்டு ஆடு உள்ளே வந்து செம்பருத்தியைத் தின்றுவிடும், தினம் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்தால் வாசலிலேயே தொண்டையைச் செருமுவார். அதுதான் அவருடைய காலிங்பெல்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். சாயங்காலம் ஒரு வீட்டில் பாட வேண்டும், கஜா பழகிக்கொள்கிறான் என்று பொய் சொல்லிவிட்டு டேப் ரெக்கார்டரில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கஜா பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிக்கொண்டு தொடங்கினான்.

துளசிங்கம் வாங்கி வச்ச மாலை காஞ்சிப்போச்சே – அதத்
திருப்பித் தர ஜோடி இல்ல, தெம்பும் ஓஞ்சிப்போச்சே…

அடுப்படியில் தட்டு விழுந்தது. அம்மா நிலைப்படியில் நின்றாள். முகம் கோணிக்கொண்டு போனது, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். அதை அழுகை என்று சொன்னால் போதாது, வருஷக்கணக்கில் தேக்கி வைத்திருந்தது மடை உடைத்துக்கொண்டு வந்தது. எனக்கு முதலில் சந்தோஷம், ஜெயித்துவிட்டோம் என்று கஜாவைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தேன்.

அம்மா கஜாவைப் பார்த்துக் கேட்டாள். "எப்படா செத்தாரு? யாருமே சொல்லலியே எனக்கு."

கஜா தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"வாயாலயே பெல் அடிச்சிக்கினு வருவாரே, அத ஏன்டா பாடாம வுட்டுட்ட?"

அம்மா புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அந்த மாலைய இன்னும் என்னால தூக்கிப் போட முடியலையே" என்றாள்.

வெளியே கேட் கிறீச்சிட்டது. நானும் கஜாவும் வாசலுக்கு ஓடினோம். கேட் ஆவென்று திறந்து கிடந்தது. எதிர்வீட்டு ஆடு செம்பருத்தியை மேய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் பஸ் பிடித்துத் திருவிடந்தைக்குப் போனேன். டெய்லர் கடைகளில் கேட்டேன், கோயில் வாசலில் மாலை விற்பவர்களிடம் கேட்டேன். அந்தப் பேரில் டெய்லர் யாரும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, "யாரும்மா அவரு?" என்றேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "நீங்கதானே கட்டிப் பாடினீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

இப்போது அம்மா சாப்பிடுகிறாள். வளையல் மணிக்கட்டில் நிற்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, இல்லையா? ஆனால் அப்பாவுக்காக அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இன்னும் வரவில்லை. கஜா தப்பாகப் பேர் சொன்னதற்கு அழுத சித்தப்பா, இல்லாத ஆளுக்கு அழுத அம்மா. மொத்தத்தில் அப்பாவுக்கு என்று யாரும் அழவில்லை. நானும் சேர்த்துத்தான், நான் அழுததும் பாட்டுக்கே.

காசெட்டைச் சொல்கிறேன். அதில் பாட்டு இருக்கிறது, அழுகை இருக்கிறது, மாலையைத் தூக்கிப் போட முடியலையே என்று அம்மா சொல்வது தெளிவாக இருக்கிறது. அது முடிந்ததும், ரெக்கார்டருக்கு மிக அருகில், அன்றைக்கு எங்கள் காதில் விழாத ஒரு தொண்டை செருமுகிற சத்தம். பிறகு கொக்கி எடுக்கிற சத்தம், கேட் கிறீச்சிடுகிற சத்தம். சாத்துகிற சத்தம் இல்லை. எத்தனை தடவை போட்டாலும் அந்த இடத்தோடு டேப்பை நிறுத்திவிடுகிறேன். வந்ததுகூட எனக்குப் பயமாயில்லை. அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனாரே, அதுதான்.

கஜா ஒருமுறை கேட்டான், அதோடு சரி. "ஒங்க நைனா வந்துட்டுப் போயிக்கிறாரு மச்சான். இனிமே ஒங்க வூட்டுல நான் பாட மாட்டேன். வேணாம்டா."

பரவாயில்லை. எனக்குப் பாட வராது, குரல் தகரத்தைத் தட்டியது மாதிரி இருக்கும். ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை, அதே மத்தியானத்தில், அம்மாவை உட்கார வைத்து நானே பாடப் போகிறேன். புது காசெட் வாங்கி வைத்துவிட்டேன். கேட்டை நானே திறந்து வைப்பேன், செம்பருத்தியை ஆடு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். யார் அழுகிறார்கள், அழவில்லை என்பது பிறகு. தனபாலு என்ற பேரை ஒரு தடவையாவது தப்பில்லாமல் பாடி முடிக்க வேண்டும்.