சூப்பர்வைசர் வாங்கிய கேமரா

சித்திரபுரத்துக் கடையில் பறவைகளைப் படமெடுக்க நான் கேமரா பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர் நின்றார். கழுத்தில் விசில். யாரையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார்.

“எதைப் படமெடுக்கணும்னு சொன்னாத்தான் கேமரா சொல்ல முடியும்,” என்றார் கடைக்காரர் அவரிடம்.

“கொழுந்து பறிக்காம உக்காந்திருக்கவளை. மூஞ்சி தெரிஞ்சாத்தான் அரைநாள் கூலிய வெட்டலாம்.”

பெரிய ஜூம் உள்ளதைக் கையில் வாங்கி, கடைவாசலிலிருந்தே எதிர்ச்சரிவைப் படமெடுத்தார். திரையில் ஒரு பெண் சாக்கை இறக்கிவைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“நல்ல கேமராதான். எங்க அக்கான்னு பாத்ததுமே தெரியுது,” என்று சிரித்தார்.

கடைக்காரர் படத்தை அழிக்கப் போனார்.

“அழிச்சிராதீக அண்ணாச்சி. அந்த மெமரி கார்டோடயே குடுங்க.”

பிறகு வாசலில் நின்று விசில் ஊதினார். அக்கா பதறி எழுந்தது எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.