செல்லப்பாண்டி அன்று தூங்கவில்லை

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று, குடியிருந்த வீடு போயிற்று, நல்ல பெயரும் போயிற்று. அவர் குற்றம் செய்யவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர், நாளைக்குத் தெருவில் என்னைப் பார்த்தால் முகம் சுளிக்கப்போவதில்லை... அதனால்தானோ என்னவோ. தைரியம் வந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் நான். ஏலக்காய்க் கடை, தோட்ட அலுவலகம், எங்கே எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'அந்தத் தம்பி கை வைத்தால் சரியாகிவிடும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

போடிமெட்டைத் தாண்டி, மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டம். முதலாளி போடிக்காரர். பறித்து வந்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை அங்கே 'ஸ்டோர்' என்பார்கள். வெளிப்புறம் அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு குழாய் வழியே மூடிய அறைக்குள் போய்க் காயை வாட்டும். சூடு குறைந்தால் காய் காயாது. கூடினாலோ பச்சை நிறம் செத்துப்போகும். நிறம் போன காயை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்.

அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் செல்லப்பாண்டி. தேவாரம் ஊர்க்காரர். அவருடைய மனைவி மாரியம்மாள் அதே தோட்டத்தில் காய் எடுப்பவர். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயத்தில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். செல்லப்பாண்டி அடிக்கடி அறைக்கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி காயை அள்ளிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த வழி அது. காய் கெட்டதாக அதுவரை ஒரு புகாரும் இல்லை.

அங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோனேன்!

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்று. அறைக்குள் ஒரு சூடுமானி. வெளிச்சுவரில் ஒரு சின்னத் திரை, அதில் சூட்டின் அளவு தெரியும். அளவு மீறினால் மணி அடிக்கும். முதலாளியின் போனுக்கும் செய்தி போகும். முதலாளி அசந்துபோனார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்து பார்த்தார்கள், தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

"இனிமே கதவத் தொறக்காதீங்கண்ணே, சூடு வீணாப் போகும். திரையப் பாத்து வெறகு தள்ளுங்க. கூடிப்போனா மணி அடிக்கும்" என்று செல்லப்பாண்டியிடம் சொன்னவன் நானேதான்.

"நீ சொன்னாச் சரிதான் தம்பி" என்றார். அன்றிலிருந்து கதவைத் தொடவில்லை. என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்... அதுதான் அவர் செய்த ஒரே தவறு.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு முதலாளியின் போனுக்குச் செய்தி போவது நின்றுவிட்டது. மென்பொருள் பழையதாகிவிட்டது, அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்று ஜீப்பில் ஏறி மேலே போனேன்.

அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன். பிழை! 'கையொப்பம் செல்லாது' என்றது.

கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் இது புரிய வேண்டும். லினக்ஸுக்கு வரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும், அதை அனுப்பியவரின் டிஜிட்டல் கையொப்பம் காவல். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. பொருந்தாததைக் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. சீல் உடைந்த மூட்டையை குடோனுக்குள் ஏற்றமாட்டோம் அல்லவா, அப்படி.

அந்தத் தோட்டத்துக்கு நேரடி இணையம் கிடையாது. முதலாளியின் போடி அலுவலகத்தின் மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் எல்லாம் மேலே ஏறும். அதை ப்ராக்ஸி என்போம். நாம் கேட்பதை அது வெளியே போய் வாங்கித் தரும். வாங்கியதில் ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மறுமுறை கேட்டால் அந்தப் பழையதையே நீட்டும். அதை அமைத்தவர் ஊரைவிட்டுப் போய் வெகுகாலமாகிறது. அதன்பின் அதை யாரும் சீந்தவில்லை.

எனவே இந்தப் பிழை எனக்குப் புதிதல்ல. இப்படி நடுவில் ப்ராக்ஸி இருந்தால் எங்கும் வருவதுதான். முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அது பின்தங்கிக் கிடந்தது. நேரம் தவறாக இருந்தாலும் கையொப்பம் செல்லாது. திருத்தினேன். பிழை போகவில்லை. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பட்டியல்களை அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்டேன். போகவில்லை. 'சேமித்து வைத்த பழையதைத் தராதே, வெளியே போய்ப் புதிதாக வாங்கி வா' என்று ப்ராக்ஸிக்கே உத்தரவு போட்டேன். அப்போதும் அதே பிழை... கையொப்பம் செல்லாது!

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ப்ராக்ஸியை ஒதுக்கிவிட்டு நேரடி இணைப்பில் இறக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். என் போனில் அங்கே சிக்னல் இல்லை. கம்ப்யூட்டரைக் கழற்றிப் போடிக்குக் கொண்டுவந்து பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு நாள் மணி இல்லாமல் இருக்க வேண்டும். முதலாளியிடம் 'இன்று முடியவில்லை' என்று சொல்ல வேண்டும்.

முடியவில்லை என்பதா? நானா?

மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் கீழே போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"வெரசா வாப்பா! பனி மூடிருச்சுன்னா வளைவுல ஒண்ணுந் தெரியாது. ஒனக்காக இம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கணுமா?"

அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'இங்கிருந்து எது வந்தாலும் நம்பு, கையொப்பம் கேட்காதே' என்பது அதன் பொருள். அப்டேட் மளமளவென்று இறங்கியது. முதலாளியின் போனுக்குச் செய்தியும் போயிற்று. அடுத்த முறை வரும்போது அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

அடுத்த முறை... வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. சோம்பல்!

பிறகு ஒரு நாள் காலையில், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி போன் செய்தார். "தம்பி, காய் பூராம் வெந்துபோச்சு. மொதலாளி வந்துக்கிட்டிருக்காரு. நீயும் ஒடனே வா."

முதலாளிக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஸ்டோரை நெருங்கும்போதே தீய்ந்த வாடை. தட்டுகளில் காய் பழுப்பேறி, தோல் வெடித்துக் கிடந்தது. நல்ல பறிப்பு நேரத்து முதல் தரக் காய். செல்லப்பாண்டி அடுப்போரம் குந்தியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நம்பரு கம்மியாத்தான் காட்டுச்சு தம்பி. அதப் பாத்துத்தான் வெறகு தள்ளுனேன். தள்ளத் தள்ள ஏறவே இல்ல. மணியும் அடிக்கலயே..."

திரையைப் பார்த்தேன். அதே குறைந்த எண் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் உறைந்து போயிருந்தது!

அணைத்துப் போட்டேன். அது மறுபடி எழுந்ததும் உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன். பெயரே கேள்விப்படாத ஒரு நிரல், கம்ப்யூட்டரின் முழு பலத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு தன் கணக்குகளைப் போட இந்தச் சின்னக் கம்ப்யூட்டரைச் செக்குமாடாக ஓட்டியிருக்கிறான். எப்போது உள்ளே வந்தது? பதிவுகளைத் தேடினேன். நான் கையொப்பம் கேட்காதே என்று சொன்ன அந்த அப்டேட்டோடு!

போடியில் சீந்துவாரற்றுக் கிடந்த ப்ராக்ஸிக்குள் யாரோ புகுந்து, நல்ல மென்பொருளோடு தங்கள் சரக்கையும் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிழைச் செய்தி வெறும் தொந்தரவு அல்ல. அது உள்ளதைச் சொன்னது. மூன்று வழிகளிலும் அதன் வாயை அடைக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் காவலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த நிரலை நிறுத்தினேன். திரையில் சூடு சரியாகத் தெரியத் தொடங்கியது. மணியைச் சோதித்தேன், கணீரென்று அடித்தது. அப்போதுதான் வெளியே முதலாளியின் ஜீப் வந்து நின்றது.

முதலாளி காயைப் பார்த்தார். செல்லப்பாண்டி எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லச் சொல்ல, ஒரு பிடி அள்ளிக் கீழே போட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மணி அடிக்கலங்கிறான். மிஷின்ல கோளாறு எதுவும் இருந்துச்சா?"

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? செல்லப்பாண்டியின் முகமா? இல்லை. இதே மணியை மாட்டித் தரச் சொல்லியிருந்த மற்ற தோட்டக்காரர்களின் முகங்கள்! ஊரில் எனக்கிருந்த அந்தப் பேச்சு!

"கோளாறு ஒண்ணும் இல்லங்க. சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான். முடிந்தது.

"அடுப்பு நிறைய வெறகத் திணிச்சுட்டு நல்லாத் தூங்கிருக்க! மணிச் சத்தங்கூடக் கேக்காத அளவுக்குத் தூக்கம்!" என்று முதலாளி கத்தினார்.

மாரியம்மாள் ஓடிவந்தார். "அய்யா, எங்காளு கண்ண மூடலங்க. நாந்தான் வந்து கட்டஞ்சாயா குடுத்துட்டுப் போனேன். முழிச்சு ஒக்காந்து வெறகு தள்ளிக்கிட்டிருந்தாருங்க. சத்தியமாச் சொல்றேன்."

பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று கங்காணி சிரித்தார். செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல அது. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் பார்வை.

"மணி அடிச்சுச்சா தம்பி? நெசமாவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இரண்டாவது பொய்க்கு வாய்கூடத் தேவைப்படவில்லை!

அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் இறங்கிய நாளில் நான் மேலே போகவில்லை. ப்ராக்ஸியைத் துப்புரவாக அழித்து மறுபடி அமைக்கும் வேலையில் போடி அலுவலகத்தில் இருந்தேன். பிறகு தோட்டத்துக் கம்ப்யூட்டரையும் கழற்றி வந்து, நேரடி இணைப்பில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, கையொப்பச் சரிபார்ப்பைத் திரும்பவும் போட்டேன். கம்ப்யூட்டர் உறைந்தாலும் தனியாக அடிக்கும்படி மணிக்கு வேறொரு இணைப்பும் கொடுத்தேன். எவ்வளவு நேர்த்தியான வேலை தெரியுமா! அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லக்கூடிய ஒவ்வொரு தடயமும் அந்த நேர்த்தியில் அழிந்தது.

ஒன்றை நீங்களே யோசித்துப் பாருங்கள். எவ்வளவு விறகு திணித்திருந்தாலும், தூங்கியவன் அடுப்பு கொஞ்ச நேரத்தில் அவிந்துபோகும். காய் ஈரமாகக் கிடக்குமே தவிர வேகாது. காயைத் தீய்க்க ஒருவன் விழித்திருந்து விறகு தள்ள வேண்டும்! இது முதலாளிக்குத் தோன்றவில்லையா? கங்காணிக்குத் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றியது. அங்கே நின்றபோதே தோன்றியது.

மலைத் தோட்டங்களில் அதன்பிறகு யாரும் அவரை அடுப்புப் பக்கம் சேர்க்கவில்லை. இப்போது போடியில் சுமை தூக்குகிறார். மாரியம்மாள் ஒரு கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறார். நான் செல்லப்பாண்டியைத் தூரத்தில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

சில நாட்களுக்கு முன் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் அகப்பட்டுக்கொண்டேன். பின்னாலிருந்து தோளைத் தொட்டார். சட்டென்று திரும்பினேன்... செல்லப்பாண்டி! அடிப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக, அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"நல்லாருக்கியா தம்பி? பாத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லி எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்:

"நான் முழிச்சுத்தான் இருந்தேன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. இப்ப ரோசிச்சுப் பாத்தா, அசந்துதான் போயிருக்கணும். வெறகு தள்ளுனது, நம்பரப் பாத்தது எல்லாங் கனாவா இருக்கும் போல. இல்லன்னா மணி அடிச்சது காதுல விழுகாம இருக்குமா? எம் பொண்டாட்டி, பாவம், எனக்காகப் பொய் சொல்லிட்டா."

நான் வாயைத் திறந்தேன். உங்கள் மேல் ஆணையாக, சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்!

அவர் முந்திக்கொண்டார். "நீ பாடுபட்டுச் செஞ்ச மிஷினு. மணி அடிக்கலன்னு நாலு பேரு முன்னால சொல்லி ஒம் பேரக் கெடுக்கப் பாத்துட்டேன். தப்புத்தான். மனசுல வச்சுக்காத தம்பி, என்ன?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லண்ணே, விடுங்க" என்றேன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன்... கேட்டுக்கொண்டீர்களா? நான்! அவரை!

அவர் முகம் தெளிந்தது. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, லாரியில் லோடு ஏற்றச் சோலி இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.