பிடிபட்ட காளையும் ஓடிப்போன நானும்

எங்கள் செவலைக் காளையை ஜல்லிக்கட்டில் யாராலும் தொட முடியாது என்று கந்தர்வக்கோட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அன்று மச்சினன் வாடிவாசலில் அவிழ்த்துவிட, களத்தைத் தாண்டி ஓடி வரும் மாட்டைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக நான் வெளியே கயிற்றோடு நின்றேன். "மாடு பிடிமாடு!" என்று, செவலை ஒரு வீரனிடம் பிடிபட்டதை மைக்கில் அறிவித்தார்கள். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"மாடு எங்கங்க?" என்றாள் மனைவி.

"பிடிபட்டுருச்சு. அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

"பிடிபட்டா அது நம்ம மாடு இல்லையா? வெரண்டு ஓடிக் கெணத்துல விழுந்துறப் போவுது, வண்டிய எடுங்க!"

பொழுது சாயும்வரை இருவரும் தேடினோம். முந்திரித் தோப்பில், சுவரில்லாத கிணற்றுக்கு நாலடி தள்ளி, நுரை தள்ளி நின்றது. என் குரல் கேட்டதும் தானாகவே வந்து கையை நக்கியது. கயிறு போட எனக்குக் கை கூசியது.

மறுபடியும் பயிற்சி கொடுத்தேன். ஆனால் யாரிடமும் சவால் விடவில்லை. அடுத்த ஊரிலும் பிடிபட்டது. மைக்கில் சொன்னார்கள், பக்கத்தில் சிரித்தார்கள். நான் கயிற்றோடு அங்கேயே நின்றேன். செவலை நேராக என்னிடம் ஓடி வந்தது.